முடி வளர்ற வரைக்கும் அவன் மூஞ்சி

தங்கறதுக்கு ரூம் புக் பண்ற அந்த ஆப்பைத் திறந்து திருப்பதின்னு தட்டினா எங்க வீடும் வரும். பச்சை கேட்டு, மாடிப்படி ஓரமா செம்பருத்திச் செடி, மேல மூணு ரூம். கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சது நானு. செடி வெச்சது நானு. தலைகாணி உறை அத்தனையும் தெச்சது நானு. ஆனா வீட்டுப் போட்டோவுக்குக் கீழ சின்னதா ஒரு வட்டம் இருக்கும் பாருங்க, அதுல சிரிச்சிக்கினு இருக்கிறவன் என் தம்பி. உங்களை வரவேற்கிறவர் இவர்தான்னு அந்த வட்டத்துக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கும். அவன் இருந்தது பெங்களூர்ல. வந்தவங்களை வரவேற்கறது எங்க, அவனே அந்த வீட்டுக்கு எப்பவாவது வந்து போற விருந்தாளி.

இது எப்படி ஆச்சுன்னு முதல்ல இருந்து சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்க நைனா கார்வேட்டிநகரம் பக்கத்து ஆளு. அங்க எங்களுக்கு ஒரு அடி நிலம் கிடையாது, குடிசை போட்டிருந்த இடமும் அடுத்தவங்களுது. கட்டட வேலைக்குத் திருப்பதி வந்தவரு இங்கயே நின்னுட்டாரு. ஊருக்கெல்லாம் லாட்ஜு கட்டிக் குடுத்துட்டு, கடைசியில தனக்குன்னு கீழ ரெண்டு ரூம் கட்டினாரு. அம்மா சீக்கிரம் போயிட்டாங்க. தம்பியைத் தூக்கி வளர்த்தவ நான். எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆச்சு, நிலைக்கல. அந்தக் கதை இங்க வேணாம், கட்டினவனைப் பத்திப் பேசினா எனக்கு வாயில நல்ல வார்த்தை வராது.

அப்போ எங்க பக்கத்துல தெருவுக்கு ஒருத்தி குவைத்துக்குப் போய்க்கினு இருந்தா. ஏஜெண்டு வருவான், பாஸ்போர்ட் எடுப்பான், ஏத்தி அனுப்புவான். நானும் போனேன். அங்க வீட்டு வேலைக்காரிக்குக் கத்தாமான்னு பேரு. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'கத்தாமா, தண்ணி. கத்தாமா, துணி.' அவ்ளோதான். நம்ம மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுல சித்தூர்க்காரி ஒருத்தி வேலை செஞ்சிக்கினு இருந்தா. குப்பை கொட்டப் போறப்ப ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் தமிழ் பேசிக்குவோம். அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நான் மனுஷி.

அந்தக் காசுலதான் தம்பி இன்ஜினியரிங் படிச்சான். அந்தக் காசுலதான் மாடியில மூணு ரூம் எழும்புச்சு. நைனா செத்தப்ப எனக்கு லீவு குடுக்கல. போனுல அழுதேன். அப்புறம் தம்பி சொன்னான், "அக்கா, வீட்டுப் பத்திரத்தை மாத்தணும், நீ அங்க கீற, கையெழுத்துக்கு யார் வருவா, இப்பத்திக்கு என் பேர்லயே போட்டுக்கறேன்." சரிடா, போட்டுக்கோன்னேன். நான் பெத்த புள்ளை மாதிரி அவன். சந்தேகப்படறதுக்கு எனக்குத் தோணவே இல்ல.

படிச்சு முடிச்சிட்டு அவன் வேலை கிடைக்காம வீட்டுல உக்காந்திருந்த காலத்துல நான் ஒரு வேண்டுதல் வெச்சேன். குவைத்து சமையல்கட்டுல நின்னுக்கினு, அடுப்பைப் பாத்து, 'ஏழுமலையானே, என் தம்பிக்கு ஒரு நல்ல வேலையைக் குடு, என் முடியை உனக்குக் குடுத்துடறேன்'னேன். எனக்கு முடி இடுப்புக்குக் கீழ இருக்கும். பொட்டு நகை இல்லாம வளந்தவளுக்கு அதுதான் நகை. வேண்டின கொஞ்ச நாள்லயே அவனுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சுது. சாமி குடுத்துட்டாரு, நான்தான் பாக்கி வெச்சிட்டேன். குவைத்தை முழுசா முடிச்சிக்கினு ஊருக்கு வந்த வாரமே மலை ஏறினேன். தலையைக் குனிஞ்சு உக்காந்தேன். மடியில முடி கொத்துக் கொத்தா விழுந்துச்சு. அழுகை வரல, சத்தியமா. என் தம்பி நல்லா இருக்கான்ற சந்தோஷம்தான் இருந்துச்சு.

அந்த மொட்டைத் தலையோட நான் வீட்டுல இருந்தப்பத்தான் தம்பி லீவுல வந்தான். "அக்கா, மாடி சும்மா பூட்டிக் கிடக்குது. ஆன்லைன்ல போட்டா ஜனங்க வந்து தங்குவாங்க. நீ பாத்துக்கோ. இனிமே நீ எங்கயும் அடுத்தவன் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது," ன்னான். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. முதல்ல என் பேர்லதான் ஆப்புல பதிவு பண்ணப் பாத்தான், அதையும் சொல்லணும். போனை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சான். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திறன்னு போன் சொல்லுது. நானும் கழுத்துச் சுளுக்கிக்கிற அளவுக்குத் திரும்பினேன். ஆதார் கார்டுல ஜடை போட்டுக்கினு ஒருத்தி இருக்கா, இங்க மொட்டையா ஒருத்தி நிக்கிறா. போன் ஒத்துக்கவே இல்ல. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கினு காட்டினேன், அப்பவும் இல்ல. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

"உன் மொட்டையைப் பாத்து போனே பயப்படுது அக்கா. முடி வளர்ற வரைக்கும் என் மூஞ்சி இருக்கட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"மாத்தினா என்ன, மாத்தாட்டி என்னடா. உன் மூஞ்சி வேற என் மூஞ்சி வேறயா," ன்னேன். அப்படிச் சொன்ன என் வாயில மண்ணை அள்ளிப் போடணும்.

ஜனங்க வர ஆரம்பிச்சாங்க. சேலம், தர்மபுரி, அனந்தபூர், எங்கெங்க இருந்தோ. விடியக்காலையில ரயில் இறங்கி வருவாங்க. தண்ணி காய வெச்சிக் குடுப்பேன். பை வைக்க இடம் காட்டுவேன். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு சாயங்காலம் இறங்கி வருவாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு நிஜமான வேலை. புதுசா மழிச்ச தலையில வெயில் பட்டா எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். சின்னப் புள்ளைங்க வீல்னு கத்தும். அதுக்காகவே கல்லுல சந்தனம் அரைச்சு ஒரு பித்தளைக் கிண்ணத்துல வெச்சிருப்பேன். வாசல்லயே உக்கார வெச்சு, ஒவ்வொரு தலைக்கும் வழிச்சுப் பூசி விடுவேன். அப்பாவும் புள்ளையும் வரிசையா மஞ்சத் தலையோட உக்காந்திருக்கறதைப் பாத்தா சிரிப்பு வரும். அவங்க பதிலுக்கு பிரசாத லட்டுல முதல்ல எனக்குத்தான் பிட்டுக் குடுப்பாங்க. "மொதல்ல நீங்க துன்னுங்கக்கா, அப்புறம்தான் நாங்க," ன்னு ஒரு வேலூர்க்காரம்மா பிடிவாதம் பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. குவைத்துல ஜனங்க துன்னு முடிச்சு மிச்சம் இருந்தாத்தான் எனக்கு. இங்க எனக்கு முதல் பிடி.

ஊருக்குப் போனப்புறம் ஆப்புல எழுதுவாங்க. இங்கிலீஷ்ல எழுதறதை மாடியில தங்கற காலேஜ் புள்ளைங்க யாராவது படிச்சுக் காட்டுவாங்க. வீடு சுத்தம், தண்ணி சூடு, சந்தனம் பூசினது மறக்கவே மாட்டோம். எல்லாத்துக்கும் நன்றி சொல்லி கடைசியில யார் பேரைப் போட்டிருப்பாங்க? என் தம்பி பேரை. சந்தனக் கட்டையை அவன் வாழ்நாள்ல தொட்டதில்ல. ஒரு தரம் சொன்னேன், "டேய், என் முடிதான் தோள் வரைக்கும் வந்துடுச்சே, மூஞ்சியை மாத்தேன்டா." "மாத்தினா பழைய பேரு, ஸ்டாரு எல்லாம் போயிடும் அக்கா, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்," ன்னான். அது நிஜமா பொய்யா எனக்குத் தெரியாது. இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள உறுத்தாம இல்ல.

அதுக்குள்ள ஊரே மாறிப் போச்சு. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ரூம் விட ஆரம்பிச்சாங்க. வீட்டுக்காரங்க விட்டா பரவாயில்ல. எங்கயோ இருக்கிறவன் பத்து வீட்டை வாடகைக்கு எடுத்து, பூட்டுல நம்பர் வெச்சு, ஆளே இல்லாம நடத்தினான். ஒரு நாள் மத்தியானம் கைக்குழந்தையோட ஒரு குடும்பம் எங்க தெருவுல நின்னுக்கினு அழுவுது. போனுல வீட்டுப் போட்டோ இருக்குது, காசு கட்டியாச்சு, தெருவுல அந்த வீடே இல்ல. போன் பண்ணா எடுக்க ஆளில்ல. கம்பெனியைக் கேட்டா மெஷின் பேசுது. எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. "இதைக் கேக்கறதுக்கு ஒரு நாதி இல்லையா இந்த நாட்டுல," ன்னு தெருவுல நின்னு கத்தினேன். அவங்களை எங்க வீட்டுக் கூடத்துல படுக்க வெச்சேன். குழந்தைக்குப் பால் காய்ச்சிக் குடுத்தேன்.

அப்புறம்தான் கவர்மெண்டு ரூல் போடப் போகுதுன்னு பேச்சு வந்துச்சு. ஆன்லைன்ல வீடு விடறவங்க அத்தனை பேரும் பதிவு பண்ணணும். யார் யார் வீடு விடறாங்கன்னு கம்பெனிக்காரங்களே கவர்மெண்டுக்கு விவரம் குடுக்கணும். வீட்டுக்காரங்க அந்த வீட்டுலயே குடியிருக்கணும். ஆபீஸர் நேர்ல வந்து பாப்பாரு. பதிவு இல்லாத வீட்டை ஆப்புல இருந்தே எடுத்துடணும். எதிர்வீட்டம்மா தலையில கை வெச்சுக்கினு உக்காந்துட்டா. "இதெல்லாம் லாட்ஜுக்காரங்க பண்ற வேலை, நம்ம பொழப்புல மண்ணைப் போடறாங்க," ன்னு தெருவே புலம்புச்சு. நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன். ஆமாங்க, சந்தோஷப்பட்டேன். ஏன்னு சொல்றேன். அத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு, 'இந்த வீட்டுல யார் இருக்கறது, வர்றவங்களை யார் பாத்துக்கறது'ன்னு கேக்கப் போறாரு. போனுக்கு என் மூஞ்சி தெரியல. கவர்மெண்டுக்குத் தெரியும் இல்ல? வீட்டுப் பத்திரம்கூட எனக்குப் பெருசில்ல. நான்தான் இந்த வீட்டு மனுஷின்னு எங்கயாவது ஒரு இடத்துல பதிவாகணும். அந்த ஆசைதான்.

தம்பிக்குப் போன் பண்ணேன். அவனும் சந்தோஷமாத்தான் பேசினான். "ரூலே உனக்குன்னு போட்ட மாதிரி கீது அக்கா. நீதானே அங்க இருக்கிறவ. ஆபீஸர் வர்றன்னிக்கு நான் வந்து பேசி, உன் பேரைச் சேத்துடறேன். நீ ஒண்ணும் கவலைப்படாத." அன்னிக்கு எனக்குக் கால் தரையில நிக்கல. சுண்ணாம்பு அடிச்சேன். ஜன்னல் கம்பியெல்லாம் தொடைச்சேன். மலைக்குப் போற பஸ்ஸு எங்க நிக்கும், ராத்திரி அவசரம்னா எந்த ஆஸ்பத்திரின்னு ரூமுக்கு ரூம் சுவத்துல தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதி ஒட்டச் சொன்னாங்களாம், ஒட்டினேன். ஆபீஸர் தெலுங்குல கேட்டா எப்படிப் பதில் சொல்றதுன்னு பாத்திரம் தேய்ச்சிக்கினே தனியாப் பேசிப் பேசிப் பாத்தேன். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படிச்சதில்ல.

ஆபீஸர் வர்றதுக்கு முந்தின சாயங்காலம் தம்பியும் அவன் பொண்டாட்டியும் கார்ல வந்தாங்க. ரெண்டு பெரிய பெட்டி. இன்னாடா இது, ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டின்னு கேட்டேன். உள்ள துணிமணி, கம்ப்யூட்டர், கல்யாண போட்டோ. முன் ரூம்ல, நான் படுக்கிற ரூம்ல, அதையெல்லாம் எடுத்து அடுக்க ஆரம்பிச்சா அந்தப் பொண்ணு. "அண்ணி, உங்க கட்டிலைப் பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு மாத்திக்கலாமா? ஆபீஸர் பாக்கறப்ப குடும்பம் இருக்கற மாதிரி இருக்கணும் இல்ல," ன்னா. குடும்பம் இருக்கற மாதிரியா? அப்ப நான் யாரும்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. தம்பி என் கையைப் பிடிச்சிக்கினு, "ஒரு நாளைக்குத்தானே அக்கா," ன்னான். கட்டிலை நானே ஒரு பக்கம் பிடிச்சு நகர்த்தினேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்துல என் படுக்கை. நைனா போட்டோவை மட்டும் அவ நகர்த்தல. அது மட்டும் முன் ரூம்ல மாட்டினபடியே இருந்துச்சு.

காலையில நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கினேன். தலைக்கு எண்ணெய் வெச்சு வாரிக் கொண்டை போட்டேன். முடி மறுபடி இடுப்புக்கு வந்துடுச்சு அப்போ. ஆபீஸர் வந்தாரு. பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் மலைக்குப் போயிட்டு வந்திருக்காரு போல, தலை புது மொட்டை. கழுத்துல தொங்கற ஆபீஸ் கார்டுல சுருட்டை முடியும் மீசையுமா வேற ஒரு ஆளு. ரெண்டும் ஒரே மனுஷன்தானான்னு அவரை யாரும் கேக்கல. கேட்டுக்கு வெளியவே ஜீப்பு நின்னுச்சு, எல்லாரும் எழுந்து கும்பிட்டோம். வெயில் ஏறி இருந்துச்சு. அவர் தலையைத் தலையைத் தொட்டுப் பாத்துக்கினே மாடியெல்லாம் சுத்திப் பாத்தாரு. தண்ணி, பாத்ரூம், தீயணைக்கிற சிலிண்டர், எல்லாம் சரி. சரின்னு சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிந்துக்கினே போச்சு.

கீழ வந்து கூடத்துல உக்காந்தாரு. என்னால சும்மா இருக்க முடியல. உள்ள போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாந்து நீட்டினேன். "பூசிக்குங்க சார், எரிச்சல் அடங்கும்," னு தெலுங்குல சொன்னேன். மனுஷன் மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. ஒரு விரல் எடுத்து உச்சியில தடவிக்கினு கண்ணை மூடினாரு. அப்புறம் தம்பியைப் பாத்து நல்ல மாதிரியாத்தான் கேட்டாரு. உங்க வேலை பெங்களூர்லன்னு கம்பெனி குடுத்த விவரத்துல இருக்கே, இங்க யார் குடியிருக்கறதுன்னாரு. வீட்டுல இருந்தே வேலை சார், நானும் மனைவியும் இங்கதான் இருக்கோம்னான் தம்பி. கூசாம சொன்னான். ஆபீஸர் நம்பின மாதிரி தெரியல. அவரே வழியும் காட்டினாரு. வீட்டுக்காரரேதான் இருக்கணும்னு இல்லப்பா, கூடப் பொறந்தவங்க யாராவது இங்க நிலையா இருந்தாலும் போதும், அவங்க பேரைச் சேத்துக்கலாம். "அக்கா, செல்லெள்ளு எவரன்னா உன்னாரா?"

அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களான்னு கேக்கறாரு. நான் கிண்ணத்தோட நிக்கறேன். எனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒரு நாற்காலிதான் இருக்கு. படிச்சு வெச்ச தெலுங்கெல்லாம் நாக்கு நுனியில வந்து நிக்குது.

"எவரூ லேரு சார்," ன்னான் என் தம்பி. யாரும் இல்லையாம்.

ஆபீஸர் என்னைப் பாத்தாரு. அப்ப இந்தம்மா? "பனி மனிஷி சார்," ன்னான். வேலைக்காரி. வந்துட்டுப் போறவங்க. வீடு எங்கன்னு கேட்டாரு. கொஞ்சமே கொஞ்சம் தயங்கினான். "கார்வேட்டிநகரம் பக்கம் சார்." எங்களுக்கு ஒரு அடி நிலம் இல்லாத ஊரு. அந்த ஊருல எனக்கு வீடு குடுத்தான் என் தம்பி. நைனா போட்டோ சுவத்துல இருந்து பாத்துக்கினு இருந்துச்சு.

நீ ஏன் வாயைத் திறக்கலன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. தெருவுல நின்னு ஊர்க்காரனுக்காகக் கத்தினவ, உனக்காக ஒரு வார்த்தை பேச முடியலையான்னு. என்னன்னு சொல்லுவேன்? பெரிய மனுஷங்க பேசறப்ப கத்தாமா பேசக் கூடாது. அத்தனை வருஷம் அந்த வீட்டுல அதைத்தான் பழக்கினாங்க. அவன் அந்த வார்த்தையைச் சொன்ன உடனே என் உடம்பு தானாவே அதுவா மாறிடுச்சு. தலை குனிஞ்சுது. வாய் மூடிக்கிச்சு. கால் தானா ரெண்டடி பின்னால போச்சு. "காபி கொண்டாங்க," ன்னா அவன் பொண்டாட்டி. போய்ப் போட்டுக் கொண்டாந்தேங்க. கொண்டாந்து குடுத்தேன். அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு எரியுது.

அவன் சொன்னதையே எழுதிக்கினு, பதிவு பண்ணிக்கினு ஆபீஸர் கிளம்பினாரு. ஜீப்பு போனதும் தம்பி பக்கத்துல வந்தான். "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அக்கா. மனசுல வெச்சுக்காத."

"அந்தாளே சொன்னாரேடா, அக்கா இருந்தா போதும்னு. வாயைத் திறந்து ஆமான்னு சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?"

அவன் தரையைப் பாத்தான். பொண்டாட்டி கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தா. அப்புறம்தான் வந்துச்சு நிஜம். வக்கீலைக் கேட்டிருக்காங்க. இந்த வீட்டுல நிலையா குடியிருக்கறவ நான்தான்னு கவர்மெண்டுல பதிவாயிட்டா, நாளைக்கு நான் பங்கு கேட்டா அதுவே சாட்சியாயிடுமாம். "நீ கேக்க மாட்ட அக்கா, எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு இல்ல," ன்னான்.

அப்ப இது அந்த நிமிஷத்துல வாய் தவறி வந்ததில்ல. பெட்டி அடுக்கறப்பவே தெரியும். என் கையைப் பிடிச்சிக்கினு ஒரு நாளைக்குத்தானேன்னு சொல்றப்பவே தெரியும். போனுல உன் பேரைச் சேத்துடறேன்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்குமோ என்னவோ. பங்கு கேப்பேனாம் நான். டேய், உனக்கு வேலை கிடைக்கணும்னு தலை முடியைக் குடுத்தவகிட்ட, நீ கேட்டிருந்தா அந்த வீட்டையே வேணாம்னு எழுதிக் குடுத்திருப்பேனே. கேக்கலையே நீ. அக்கான்னு ஒரு வார்த்தையைத்தானே நான் எதிர்பார்த்தேன். அதை இப்படி ஒரு வெளி ஆளு முன்னாடி இல்லைன்னுட்டியே பாவி. இதெல்லாம் சத்தம் போட்டுத்தான் கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கினா.

"இப்ப என்ன பண்ணணும்ன்ற?" ன்னான்.

"வேலைக்காரின்னா அவளுக்கு மாசச் சம்பளம் உண்டு. வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. சாயங்காலம் ஆனா அவ வீட்டுக்குப் போவா. உங்க அரிசி மூட்டைகிட்ட படுக்க மாட்டா," ன்னு சொல்லிட்டு இடுப்புல இருந்த சாவிக் கொத்தை எடுத்து நைனா போட்டோவுக்குக் கீழ வெச்சேன். அவன் தடுக்கல. அன்னிக்குச் சாயங்காலம் தர்மபுரியில இருந்து ஒரு குடும்பம் வர்றதா இருந்துச்சு, ரெண்டு சின்னப் புள்ளைங்களோட. அவங்களுக்காக மட்டும் சந்தனம் அரைச்சுக் கிண்ணத்துல வெச்சு, மேல ஈரத்துணி மூடிட்டு வந்தேன். எப்படிப் பூசணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுக்கல.

பஸ் ஸ்டாண்டுல நின்னேன். புத்தூர் வழியா கார்வேட்டிநகரம் போற பஸ்ஸு எதிர்லயே இருந்துச்சு. ஏறிடலாமான்னு ஒரு நிமிஷம் பாத்தேன். ஏறி? யார் வீட்டுக் கதவைத் தட்டறது? அப்பத்தான் அந்தச் சித்தூர்க்காரி ஞாபகம் வந்தா, குவைத்துல குப்பைத் தொட்டிகிட்ட என்னோட தமிழ் பேசினவ. அவளும் திரும்பி வந்து சித்தூர்ல பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டல் ஒண்ணுல சமையல் பாத்துக்கினு இருந்தா. போன் பண்ணேன். விஷயத்தைக் கேட்டுட்டு, "அடப்பாவி," ன்னா. அப்புறம், "துன்னியா இன்னா?" ன்னா. அதுக்கப்புறம், "வா," ன்னா. வேற ஒண்ணும் கேக்கல.

இப்ப அந்த ஹாஸ்டல்லதான் நானும் இருக்கேன். சமையல் உதவியாள். காலையில வேலைக்கு வந்த உடனே அட்டெண்டன்ஸுக்காக போன்ல மூஞ்சியைக் காட்டணும். அங்கயும் அதே கதைதான், இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திற. முதல் நாள் எனக்கு ஒத்துக்காதோன்னு பயம். ஒரே தடவையில ஒத்துக்கிச்சு. என் மூஞ்சி, பக்கத்துல என் பேரு, அதுக்குக் கீழ என் வேலை. மூணும் சரியா இருந்துச்சு. அந்த போனைப் பாத்து நான் அழுததை அந்தச் சித்தூர்க்காரி மட்டும்தான் பாத்தா.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். நான் வந்தப்புறம் முதல் தடவையா. 'எப்படி இருக்க'ன்னு கேப்பான்னு நினைச்சு எடுத்தேன், என் புத்தி அப்படி.

"அக்கா, நாளன்னிக்கு மறுபடி செக்கிங் வராங்க. அன்னிக்குப் பதிவு பண்ணதுல வேலையாள் ஒருத்தர்னு இருக்குது. யாரோ புகார் குடுத்திருக்காங்க, வீட்டுல ஆளே இருக்கறதில்லன்னு. ஆளைக் காட்டணும். நீ ஒரே ஒரு நாள் வந்து நின்னுட்டுப் போயேன். கார் அனுப்பறேன்."

"யாரா வந்து நிக்கணும்?"

"அதான்... அன்னிக்குச் சொன்ன மாதிரி," ன்னான்.

உலையில அரிசி கொதிச்சிக்கினு இருந்துச்சு. நான் அடுப்பைக் குறைச்சேன். இந்தத் தரம் வாய் மூடிக்கல.

"அவ கார்வேட்டிநகரத்துக்குப் போயிட்டான்னு சொல்லு. அவ வீடு அங்கதான்னு நீதானே சொன்ன? உனக்கு அக்கா யாராவது இருக்காங்களான்னு மறுபடி கேட்டா, அன்னிக்குச் சொன்னதையே சொல்லு தம்பி. இப்போ அது பொய்யில்ல."